அகத்தியும் பதினேழாம் சேர்வையும்

குருநகரில் ஜெனிற்றாவின் படம் முதலில் ஏறியது அவளுடைய சின்னம்மா மரியநாயகியின் வீட்டுச் சுவரில்தான். அந்தோனியார் படத்துக்குக் கீழே, மீன்பிடிச் சங்கத்துக் கலண்டருக்குப் பக்கத்தில். பத்திரிகையிலிருந்து வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நாலு மூலையிலும் ஆணி அறைந்திருந்தாள் மரியநாயகி. படத்தில் ஜெனிற்றா வெள்ளை மேலங்கியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய தலைமை ஆய்வாளர், பேராசிரியர் பிரகலாதன். இருவருக்கும் நடுவில், சிறு குழிகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தட்டின் படம். மேலே பெரிய எழுத்தில்: ‘இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து! யாழ் மண்ணின் சாதனை.’

அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பல் கூசும்.

புதிய கட்டடம் திறப்பதைப் பற்றிய செய்தி என்றுதான் அன்று சொன்னார்கள். படம் எடுக்க வந்தவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். வேறு என்ன செய்வது?

ஜெனிற்றா கடற்கரைத் தெருவில் பிறந்தவள். தகப்பன் சந்தியோகுவின் இடது கையில் பெருவிரல் மட்டும்தான் இருக்கிறது. மற்ற நாலையும் அவள் பிறப்பதற்கு முன்பே மீனுக்கு எறிந்த டைனமைற் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு அவர் வலையைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது. திரும்பி வந்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மீன் மணக்குது ரீச்சர்,” என்றாள். மணக்கவில்லை. அன்று காலை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அடுத்த நாள் உண்மையாகவே ஒரு பாரைக் கருவாட்டைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் மேசைமேல் எடுத்து வைத்தாள். “இப்பதான் மணக்குது.” அடி விழுந்தது. பொய் சொன்னவளுக்கு விழவில்லை.

அந்தக் குணத்தோடுதான் இரசாயனவியல் படித்தாள். பட்டமும் பிறகு முதுமாணியும் எடுத்தாள். ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். பத்து வருடமாகியும் நிரந்தரமாக்கவில்லை.

வேலை இதுதான். மேல்மாடியில் இருப்பவர்கள் புதிய இரசாயனச் சேர்வைகளை உருவாக்குவார்கள். தெரிந்த ஒரு மூலக்கூறின் கையை வெட்டி வேறு கையைப் பொருத்துவது போன்ற காரியம். அது வெள்ளைத் தூளாகவோ தேன் நிறப் பிசினாகவோ, இலக்கம் ஒட்டிய சிறு குப்பியில் கீழே அவளிடம் வரும். அவள் அதை இரத்தப் புற்றுநோய்க் கலங்களின்மேல் விட்டுப் பார்ப்பாள். அந்தக் கலங்கள், அந்த உயிரணுக்கள், ஏதோ ஒரு நாட்டில், அவள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டவை. ஆள் போய்விட்டார். அவருடைய நோய் மட்டும் இளஞ்சிவப்புத் திரவத்துக்குள் மிதந்துகொண்டும் பெருகிக்கொண்டும் இருக்கிறது. மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் போடும்வரை அதற்குக் குளிராமல் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடித்து வந்து அதற்குச் சாப்பாடு மாற்றவேண்டும். “உன்ரை மாடுகளுக்குத் தண்ணி வைச்சிட்டியோ?” என்று சந்தியோகு கேட்பார்.

குழித்தட்டில் கலங்களை இட்டு, சேர்வையை விட்டு, சில நாள் பொறுத்து, மஞ்சள் சாயம் ஒன்றை ஊற்றுவாள். உயிரோடு இருக்கிற கலம் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த கலத்தால் அது முடியாது. மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.

மருந்து என்று வாயைத் திறப்பதற்கு முன் இன்னொன்றும் பார்க்கவேண்டும். அதே சேர்வையை, நோயில்லாத ஒருவரின் வெள்ளைக் கலங்கள்மேலும் விட்டுப் பார்க்கவேண்டும். நோய்க்கலம் செத்து நல்ல கலம் பிழைத்தால் மேற்கொண்டு பேசலாம். நல்ல இரத்தம் தர ஆள் பிடிப்பது பெரிய கரைச்சல். ஆகவே அவள் தன் கையையே நீட்டிவிடுவாள். கூட வேலை செய்கிற மதுரா ஊசி போடுவாள்.

“அக்கா, உங்கடை நரம்பு தூண்டிலுக்குக் கட்டுற தங்கூசி நூல் மாதிரி. அம்பிடுதில்லை.”

“மீன்காரியின்ரை நரம்பெடி. நழுவும். தேடிப் பிடி.”

பதினேழாவது சேர்வை வந்த மாதம் வெயில் கொளுத்தியது. தட்டின் மேல் பாதியில் நோய்க்கலங்கள், கீழ்ப் பாதியில் ஜெனிற்றாவின் இரத்தத்துக் கலங்கள். இரண்டு பாதியிலும் இடது பக்கக் குழிகளுக்குச் சேர்வை விடவில்லை; வலது பக்கத்துக்கு விட்டிருந்தாள். சாயம் ஊற்றிச் சில மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே எடுத்தார்கள். மேல் பாதியைப் பார்த்த மதுரா கையைத் தட்டினாள். வலது பக்கம் முழுவதும் எலுமிச்சம்பழத் தோல்போல மஞ்சள். ஒரு கலமும் மிஞ்சவில்லை. பதினாறு சேர்வைகளில் ஒன்றும் இப்படிச் செய்ததில்லை.

ஜெனிற்றா கீழ்ப் பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கேயும் வலது பக்கம் மஞ்சள். அது அவளுடைய இரத்தம்.

அளவைக் குறைத்துச் செய்தாள். இன்னும் குறைத்துச் செய்தாள். நோய்க்கலம் சாகிற அளவில் நல்ல கலமும் செத்தது. நல்ல கலம் பிழைக்கிற அளவில் நோய்க்கலமும் சுகமாக இருந்தது. தட்டின் படத்தை எடுத்துக்கொண்டு பிரகலாதனின் அறைக்குப் போனாள்.

“மேல் பாதி நல்ல முடிவு,” என்றார் அவர். குரல் வளமான மனிதர். மேடையில் கேட்டால் யாரும் நம்புவார்கள்.

“கீழ்ப் பாதியும் செத்திட்டுது, சேர்.”

“அது அடுத்த கட்டம்.”

“அடுத்த கட்டமெண்டு ஒண்டு இல்லை, சேர். இது ஆளையும் கொல்லும். உப்பிடிப் பாத்தால் கக்கூசு கழுவுற தண்ணியும் புற்றுநோயைக் கொல்லும்.”

அவர் சிரித்தார். “நீர் கனக்க யோசிக்கிறீர், ஜெனிற்றா. படத்தை எனக்கு அனுப்பிவிடும்.”

அனுப்பினாள். பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான். கீழ்ப் பாதியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அன்று காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. நிறுவனத்தில் யாரோ அவளுடைய இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். அளவெட்டியிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர், தன் மகளுக்காக. சாவகச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர், தம்பிக்காக. எப்போது வரலாம், வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று கேட்டார்கள். தன் பெயரையே சொல்லாமல் அழுதுவிட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் அவள் மருந்து இல்லை என்று சொன்னாள். அவர்கள் நன்றி சொன்னார்கள். மருந்து வந்தவுடன் மறக்காமல் அறிவிக்கச் சொன்னார்கள்.

மரியநாயகியிடமும் சொன்னாள். படத்தை மாட்டிய அன்றே, அவள் மீன் விற்கிற சந்தையில், அவசரத்தில் சொன்னது. “உது மருந்தில்லைச் சின்னம்மா, கழட்டுங்கோ.” சுற்றி நின்ற மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். மரியநாயகி அவளுடைய கன்னத்தைச் செதில் ஒட்டிய கையால் கிள்ளினாள். “பாத்தியளே, என்ரை தமக்கையின்ரை பிள்ளைக்கு ஒரு பெருமையில்லை.” தெருவில் யாரையாவது புகழ்ந்தால், புகழப்பட்டவர் இல்லை என்றுதான் சொல்லவேண்டும், அது மரியாதை. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை ஒன்றும் இல்லை என்று சொல்லும். புதுப் படகு வாங்கியவன் பழசு என்று சொல்லுவான். ஜெனிற்றாவின் மறுப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

மரியநாயகியின் மகன் றோய்க்கு மூன்று வருடங்களுக்கு முன்தான் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மெதுவாக வளர்கிற வகை. கிளினிக்கில் கொடுத்த குளிசையை ஒரு நாளும் விடாமல் போட்டால் அடங்கி இருக்கும். அடங்கித்தான் இருந்தது. அவன் கடலுக்குப் போனான், பந்தடித்தான், பொம்பிளை பார்க்கச் சொன்னான். அவனைப் பற்றி ஜெனிற்றாவுக்குக் கவலையே இருக்கவில்லை.

சந்தியோகுதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். “றோய் வலை இழுக்கேக்கை குந்திப்போட்டான். இடப்பக்கம் கல்லு வைச்ச மாதிரிக் கிடக்காம்.”

ஜெனிற்றா கையைக் கழுவாமலே எழுந்து போனாள்.

மரியநாயகி குசினி நிலத்தில் இருந்து அகத்தி இலை உருவிக்கொண்டிருந்தாள். சுளகு நிறைய இலை. அடுப்பில் அகத்திச் சொதி கொதித்தது. ஒரு சட்டியில் அகத்தி வறை.

“என்ன சின்னம்மா, தவக்காலமும் இல்லை. ஏன் இவ்வளவு அகத்தி?”

“அவனுக்கடி. மருந்து முறிக்க.”

அகத்தி மருந்தை முறிக்கும் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். நாட்டு வைத்தியர் மருந்து கட்டினால், அகத்தியைத் தொடாதே என்றுதான் சொல்லி அனுப்புவார். ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறபோது மட்டும் அதையே தேடித் தின்னச் சொல்வார்கள். பழையது உடம்பில் நிற்கும்போது புதியது ஏறினால் ஒன்றுக்கொன்று பகை.

“எந்த மருந்தை முறிக்கிறியள்?”

“கிளினிக் குளிசையைத்தான். நிப்பாட்டி ரெண்டு மாதமாகப் போகுது. உன்ரை மருந்து வரேக்கை உடம்பு துப்பரவாய் இருக்கவேணுமெல்லே? உனக்குச் சொல்லேல்லை. கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு.” மரியநாயகியின் முகத்தில் அவ்வளவு பெருமை. வீட்டை வெள்ளையடித்து விருந்தாளிக்குக் காத்திருப்பவளின் பெருமை.

ஜெனிற்றா கத்தினாள். தான் என்ன கத்தினோம் என்று அவளுக்கே நினைவில்லை. விசர், கொலை, பைத்தியம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். சுளகைத் தட்டிவிட்டாள். இலை பறந்தது.

உள்ளே பாயில் கிடந்த றோய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தான்.

“ஏனக்கா அம்மாவைப் பேசுறாய்?”

“டேய், அந்தக் குளிசையை இப்பவே போடு. உனக்கு நான் ஒரு மருந்தும் கண்டுபிடிக்கேல்லை. விளங்குதே? ஒரு மண்ணும் இல்லை. அது நஞ்சு.”

“பேப்பரிலை அப்பிடிப் போடேல்லையே.”

“பேப்பர் பொய்.”

“படத்திலை நிக்கிறது நீதானே? அதுவும் பொய்யோ?” அவன் சுவரைக் காட்டினான். “கடற்கரையிலை ஆக்கள் என்ன சொல்லுறாங்கள் தெரியுமே? மருந்து கிடக்குது, ஆனால் பெரிய ஆக்களுக்கும் வெளிநாட்டு ஆக்களுக்கும் குடுத்து முடிஞ்சுதான் எங்களுக்கு வருமாம். அதுவரைக்கும் இல்லையெண்டு சொல்லச் சொல்லி உன்னை வெருட்டி வைச்சிருக்கினமாம்.”

“ஆரடா சொன்னது?”

“ஆர் சொன்னால் என்ன? ஊருலகத்துக்கு முன்னாலை சிரிச்சுக்கொண்டு நிண்டு மருந்து எண்டாய். இல்லையெண்டு மட்டும் அம்மாவின்ரை அடுக்களைக்கை வந்து சொல்லுறாய்.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “சொல்லுறதெண்டால் சிரிச்ச இடத்திலை நிண்டு சொல்லு. நான் போடுறன்.”

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் பிரகலாதன் அவள் சொன்னதைக் கடைசிவரைக்கும் கேட்டார். இடையில் தேநீர் வந்தது. அவளுக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார்.

“ஒரு மறுப்பு விடுங்கோ, சேர். நாலு வரி காணும். ஆய்வுகூடத்திலை நோய்க்கலத்தைச் சாகடிச்சது, ஆனால் நல்ல கலத்தையும் சாகடிச்சது, ஆரும் மருந்தை நிப்பாட்டவேண்டாம் எண்டு.”

“மறுப்பு விட்டால் நாங்கள் பொய் சொன்னது மாதிரியெல்லோ வரும்?”

“சொன்னதுதானே, சேர்.”

“நான் மருந்து எண்ட சொல்லைப் பாவிக்கேல்லை. நிருபர் எழுதினது.”

“என்ரை தம்பி சாகப்போறான்.”

“எனக்குக் கவலைதான். ஆனால் அகத்தி தின்னச் சொல்லி நானோ சொன்னனான்? அது அறியாமை. படிப்பறிவில்லாத சனம் செய்யிறதுக்கெல்லாம் விஞ்ஞானம் பொறுப்பேற்க ஏலாது.” அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். “ஞாயிற்றுக்கிழமை உங்கடை கோயில் பங்கு மண்டபத்திலை எங்களுக்குப் பாராட்டு விழா. உம்மடை சனம்தானே, நீரும் ரெண்டு வார்த்தை நல்லதாய்க் கதையும். உம்மடை ஒப்பந்தமும் இந்த மாதம் பாக்கவேணும்.”

படிப்பறிவில்லாத சனம்! வழி நெடுக அந்தச் சொல் அவளுக்குள் கிடந்து எரிந்தது. மரியநாயகிக்கு வந்த செய்தி ஒன்றுதான்: மருந்து வருகிறது. அந்தச் செய்தி உண்மையாக இருந்திருந்தால் அவள் செய்தது தாயொருத்தி செய்யக்கூடிய ஆயத்தம். படித்த மனிதர் பாதியை வெட்டிவிட்டுக் கொடுத்தார். மீன்காரி அதை முழுசு என்று நம்பினாள். இதில் அறியாமை யாருடையது? நம்பியவள் பிள்ளையைப் பணயம் வைத்திருக்கிறாள். வெட்டியவருக்குத் தேநீர் வருகிறது.

ஆஸ்பத்திரி வீதியில் பனர் அடிக்கிற கடை ஒன்று இருக்கிறது. கல்யாணம், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான். விழாவுக்கான பனரும் அங்கேயே அச்சாகிக்கொண்டிருந்தது. ஜெனிற்றா தன் கைப்பேசியில் இருந்த முழுத் தட்டின் படத்தைக் கொடுத்தாள்.

“உதே படம் ஏற்கெனவே அடிச்சாச்சு, மிஸ்,” என்றான் கடைக்காரன்.

“அது பாதி. இது முழுசு. கட்டில் விரிப்பளவு அடியுங்கோ.”

“பேர் என்ன போட? வாழ்த்துறதோ, அஞ்சலியோ?”

“ஒண்டும் போடவேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேளம் வைத்து, மாலை போட்டு, மேடைக்கு அழைத்துப் போனார்கள். பிரகலாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளுக்குப் போர்த்த வந்தபோது பிறகு என்று கையைக் காட்டி மறித்தாள். அடக்கம் என்று நினைத்துச் சனம் கை தட்டியது. முன் வரிசையில் சந்தியோகு விரலில்லாத கையை வலது கையால் மூடிக்கொண்டு இருந்தார். றோய் கடைசி வாசலில், தூணோடு சாய்ந்து நின்றான்.

ஒலிவாங்கியைக் கொடுத்ததும் அவள் கொண்டுவந்த சுருளை விரித்தாள். ஒரு முனையை மரியநாயகியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாள். என்ன ஏது என்று தெரியாமல் அவள் மேடையேறிப் பிடித்தாள்.

“பின்னாலை தொங்குற படம் மேல் பாதி. இதுதான் முழுப் படம்,” என்றாள் ஜெனிற்றா. “ஊதா எண்டால் உயிரோடை இருக்குது. மஞ்சள் எண்டால் செத்திட்டுது. மேலை இருக்கிறது புற்றுநோய். எங்கடை சேர்வை விட்ட உடனை செத்திட்டுது. உண்மை. கீழை இருக்கிறது புற்றுநோய் இல்லை. அது என்ரை ரத்தம். நல்ல ரத்தம். சந்தியோகுவின்ரை மகளின்ரை ரத்தம். அதுவும் செத்திட்டுது.”

மண்டபம் அமைதியாக இருந்தது. விளங்கிய அமைதியல்ல. பேச்சு எப்போது நல்லதாக முடியும் என்று பார்த்திருக்கிற அமைதி. அவளுக்கு அது தெரிந்தது. கையிலிருந்த குறிப்பை மடித்தாள்.

“நான் இப்ப கடற்கரைக் கதையாய்ச் சொல்லுறன். டைனமைற் அடிச்சால் மீன் சாகும். சாகாதோ? சூடை சாகும், திருக்கை சாகும், குஞ்சு சாகும், சினை சாகும். அடிச்சவன்ரை கையும் போகும்.”

யாரும் சந்தியோகுவைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டியிருக்கவில்லை. அவர் மட்டும் மூடியிருந்த வலது கையை எடுத்தார்.

“டைனமைற்றை ஆரும் வலை எண்டு சொல்லுறேல்லை. வலைக்குக் கண் இருக்கவேணும். பிடிக்கிறதைப் பிடிச்சு, விடுகிறதை விடவேணும். கிளினிக்கிலை றோய்க்குக் குடுக்கிற குளிசை கண் பாத்து முடிஞ்ச வலை. இது டைனமைற். டைனமைற் வருகுதெண்டு நம்பி என்ரை சின்னம்மா வலையை எரிச்சுப்போட்டா. அவவிலை பிழையில்லை. பேப்பரிலை பாதிப் படம் போட்டவையிலை பிழை. அதுக்குப் பக்கத்திலை பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டது நான். அது என்ரை பிழை. இங்கை மருந்து இல்லை. ஒளிச்சு வைக்கேல்லை. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. இல்லை.”

மரியநாயகி பிடித்திருந்த முனையை விட்டுவிட்டாள். அந்தப் பக்கம் சரிந்து கீழே தொங்கியது. “எடியே, இதை ஏன் அப்ப சொல்லேல்லை?” என்றாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுவதும் கேட்டது.

“சொன்னனான், சின்னம்மா. நீங்கள் கன்னத்தைக் கிள்ளினியள்.”

எங்கோ ஒருவன் சிரித்து, சிரித்ததற்குப் பேச்சு வாங்கினான். பெண்கள் பகுதியில் இரைச்சல் எழும்பியது. பிரகலாதன் எழுந்து மெல்ல ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். ஜெனிற்றாவின் நேர்மை இளம் ஆய்வாளர்களுக்கு முன்மாதிரி என்றார். விஞ்ஞானம் தடைகளைத் தாண்டித்தான் வளரும் என்றார். அந்தக் குரலுக்குக் கை தட்டத்தான் செய்தார்கள். வெட்கமே இல்லாத குரல். மேடைக்குப் பின்னால் அவளைக் கடந்து போகும்போது, “ஒப்பந்தத்தைப் பற்றி நாளைக்குக் கதைப்பம்,” என்றார். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது.

வாசல் தூணடியில் றோய் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் அவனைக் கண்டாள். அவளுடைய படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“குளிசை போட்டிட்டன்,” என்றான். “இனி அகத்தி முறிக்காதோ?”

“அகத்தியை விடு. நாளைக்குக் கிளினிக்குக்குப் போறம்.”

“ஏசுவினமோ?”

“ஏசுவினம். கேட்டுக்கொண்டு இரு.”

ஏசினார்கள். வெள்ளைக் கலம் தாறுமாறாக ஏறியிருந்தது. மண்ணீரல் வீங்கியிருந்தது. அதுதான் அவன் சொன்ன கல். வைத்தியர் இளம் பெண். ஏசி முடித்துவிட்டு, குளிசையைத் திரும்பத் தொடங்கினால் பலருக்கு நோய் மருந்துக்குக் கேட்கும் என்றாள். சிலருக்குக் கேட்காது, அப்படியானால் வேறு குளிசைக்குப் போகவேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகுதான் எதையும் சொல்லலாம். மரியநாயகி அகத்தியைப் பற்றிக் கேட்டாள். அது இந்தக் குளிசையை என்ன செய்யும் என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தனக்குத் தெரியாது, தின்னாமல் இருப்பது நல்லது என்றாள் வைத்தியர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வார்த்தைக்காக ஜெனிற்றாவுக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

இப்போது மரியநாயகி தினமும் காலையில் றோயின் வாயைத் திறந்து பார்க்கிறாள். குளிசையை விழுங்கியபின் நாக்கைத் தூக்கச் சொல்வாள், கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். “செவுள் பாக்கிறியோ அம்மா?” என்று அவன் கத்துவான். “ஓம், பழுதாப் போனியோ எண்டு பாக்கிறன். ஆவெண்டு திற.” சுவரில் நாலு ஆணித் துளைகள் இருக்கின்றன.

ஜெனிற்றாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த வாரத்துப் பத்திரிகையில் விழாச் செய்தி வந்திருந்தது. பிரகலாதன் பொன்னாடையோடு நிற்கும் படம், பின்னால் பாதித் தட்டு. ‘புற்றுநோய் மருந்து கண்ட பேராசிரியருக்குக் கௌரவம்.’ அவள் பேசியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிருபர் முன் வரிசையில்தான் இருந்தார். வடை தின்றார். அவள் கண்டாள்.

பத்திரிகைக்கு மூன்று தரம் போனாள். ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார், வெளியூரில் இருந்தார், பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆகவே தொலைபேசியை நிறுத்தவில்லை. யார் அழைப்பு எடுத்தாலும் பதில் சொன்னாள். ஒரே வசனம். மருந்து இல்லை, இருக்கிற மருந்தை நிப்பாட்டாதேங்கோ. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று.

ஒரு பின்னேரம் அவள் மரியநாயகியின் வீட்டில் இருக்கும்போது பண்டத்தரிப்பிலிருந்து ஒருத்தி அழைப்பு எடுத்தாள். பெயர் ஜெயகௌரி. புருசனுக்கு நோய்.

“மிஸ், உங்கடை மருந்து எப்ப வந்தாலும் நாங்கள் ஆயத்தம். இவருக்கு மற்றக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு அகத்தி குடுக்கத் தொடங்கிட்டன்.”

இன்னொரு வீடு. இன்னொரு சுளகு. இன்னும் எத்தனை வீடோ! மருந்து இல்லை என்று ஜெனிற்றா தொடங்கினாள். அந்தப் பக்கம் ஜெயகௌரி சிரித்துக்கொண்டே, “உங்களுக்குப் பெருமையில்லை மிஸ், பேப்பரிலை பாத்தனாங்கள்,” என்றாள்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த மரியநாயகி கையைச் சீலையில் துடைத்துவிட்டு வந்து தொலைபேசியைப் பறித்தாள். சந்தையில் ஏலம் கூறுகிற குரல் அது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“பிள்ளை! நான் குருநகர் மரியநாயகி கதைக்கிறன். உந்தப் பேப்பரிலை நிக்கிறவளின்ரை சின்னம்மா. சத்தம் போடாமல் கேள். ரெண்டு மாதம் நானும் உதைத்தான் செய்தனான். என்ரை பிள்ளையைக் குழி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வந்து இருக்கிறன். மருந்தில்லையாம் எடி! பெருமையில்லாதபடியால் சொல்லேல்லை, மருந்து இல்லாதபடியால்தான் சொல்லுறாள். குளிசை எங்கை? வீட்டிலையோ? அப்ப எடு. நான் வைக்கமாட்டன், நீ போய் எடுத்துக்கொண்டு வா. புருசனைக் கூப்பிடு. தண்ணி குடு. விழுங்கிட்டானோ? நாக்கைத் தூக்கச் சொல்லு. வடிவாய்ப் பார். சரி. இப்ப அந்த அகத்தியை அள்ளிக்கொண்டுபோய் ஆட்டுக்குப் போடு.”